வால்யூமைக் குறைங்க மாப்பிள்ளை

சின்ன வயதில் பார்த்துக் கிறங்கிய கார்ட்டூன் படம் ஒருவழியாக இணையத்தில் கிடைத்ததும், பல் டாக்டர் சோபாவை விட்டு நகரவில்லை.

"வால்யூமைக் குறைங்க மாப்பிள்ளை. காது கிழியுது" என்றார் மாமியார் சமையலறையிலிருந்து. இந்தக் குரலுக்கு, கிளினிக்கில் பல்லைத் துளைக்கும் மெஷினே தேவலை என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

திரையில் தேவதை, "பயப்படாதே கண்ணா, நான் இருக்கேன்" என்றாள்.

டாக்டர் உருகிப்போனார். "இதுதான் குரல். நம்ம வீட்டுல ஒரு நாளாவது இப்படி ஒரு குரல் கேட்டிருக்கா?"

"அம்மாகிட்டயே கேளுங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

மாமியார் கரண்டியோடு வந்து நின்றார். "பயப்படாதே கண்ணா, நான் இருக்கேன்."

அச்சு அசல் அதே குரல்.

"தேவதைக்கு டப்பிங் பேசினது நான்தான். சூனியக்காரிக்கும் நான்தான்" என்றார். "வீட்டுல வேலை நடக்கணும்னா அவ குரல்தான் சரிப்படுது."

டாக்டர் வால்யூமைக் குறைத்தார்.