அடிவரை விட்ட குழாய்

"பன்னிக்குட்டி நல்லா வெந்திருக்கா பாருங்க அண்ணே," என்று இலையை நீட்டினாள் லூப்பே. காலையிலிருந்து மண்ணடுப்பில் வெந்த குட்டி. எண்ணெய் வாங்கும் கம்பெனியின் சோதனைக்காரன் கெலேப்பி தின்பதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

அவன் மேல் அவளுக்குக் கொலைவெறி. போன வருடம் இதே வவாவு தீவின் படகுத்துறையில், அவள் புருஷன் விலியாமியின் தேங்காயெண்ணெயில் கண்ணாடிக் குழாயை விட்டு எடுத்து, தண்ணீரைச் சொட்டவிட்டுக் காட்டி, "கலப்படக்காரன்" என்று ஊர் முன்னால் காறித் துப்பியவன் இவன். அதன்பின் சர்ச்சில் விலியாமியின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வெட்கத்தில் கப்பலேறிப் போனவனிடமிருந்து இன்றுவரை ஒரு கடிதம்கூட இல்லை.

"அப்பவே ஒரு குட்டியை வெட்டியிருந்தா இந்தப் பாடு உண்டா?" கெலேப்பி விரலை நக்கினான்.

"இப்பத்தான் புத்தி வந்துச்சு அண்ணே. என் எண்ணெய் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். நீங்கதான் பார்த்து விடணும்."

"குட்டி வயித்துக்குள்ள போயிடுச்சுல்ல? இனி உன் எண்ணெய் சுத்தமோ சுத்தம்!" வயிற்றைத் தடவி ஏப்பம் விட்டான்.

இந்த முறை கம்பெனி முதலாளி வைனிகோலோவே படகில் வந்திருந்தார். ஊரே துறையில் கூடியது. 'இன்னும் கொஞ்ச நேரம்டா பாவி' என்று லூப்பே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கெலேப்பி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பைக்குள் இருந்த சின்னப் புட்டியில் தோய்த்து மெல்லிய குழாயை எடுத்தான். மேல்வாயைக் கட்டைவிரலால் பொத்தினால் உள்ளே இருப்பது ஒரு சொட்டும் விழாது. வெளிக்காற்று கீழிருந்து தாங்கிக்கொள்ளும். விரலைத் தூக்கினால்தான் ஏறும், இறங்கும்.

பொத்திய விரலோடு குழாயை லூப்பேயின் எண்ணெய் டிரம்முக்குள் இறக்கினான். பொத்திய விரலோடே வெளியே எடுத்துத் துணியால் துடைத்தான். டம்ளருக்கு மேலே பிடித்து விரலைத் தூக்க, பொன்னிறமாக எண்ணெய் வடிந்தது.

"அடியில தண்ணி நிக்குமேப்பா, அடிவரைக்கும் பார்த்தியா?" என்றார் முதலாளி.

"தரை தட்டுற வரைக்கும் விட்டுத்தான் எடுத்தேன் ஐயா. ஒரு பொட்டுத் தண்ணி கிடையாது, என் தலைமேல சத்தியம்!"

"சரி, ஏத்துங்கப்பா."

லூப்பே குறுக்கே வந்து நின்றாள். அவள் குரல் துறை முழுக்கக் கேட்டது.

"போன வருஷம் எங்க வீட்டுக்காரர் எண்ணெயையும் இவர் இப்படித்தான் பார்த்தாரு ஐயா. அந்த டிரம்மைக் கவுத்துப் பாருங்க, அத்தனையும் கடல் தண்ணி!"