ஓரத்தில் உட்கார்ந்தது

"ஓரத்துல அப்படி என்னடி இருக்கு?"

எட்டாம் வகுப்பில் சிஸ்டர் ஜெர்த்ரூத் ஒருமுறை அவளைக் கேட்டார்.

நடுப்பக்கத்துச் செய்யுளை விட்டுவிட்டு, புத்தகத்தின் ஓரத்தில் அவள் ஒரு கொடி வரைந்துகொண்டிருந்தாள். கொடியில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வருடம் அவள் பள்ளிக்கே போகவில்லை.

இன்று வேலையில் முதல் நாள்.

புதுச்சேரிக் கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு கண்காட்சிக் கூடம். சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஏடு. ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் யாரோ மடியில் வைத்து ஜெபித்த புத்தகங்களிலிருந்து பிரிந்து வந்தவை.

நடுவில் லத்தீன். முதல் எழுத்துக்குத் தங்கம். சுற்றிலும் நீலப் பூ, சிவப்புப் பழம், கொம்பு நீட்டும் நத்தை.

யாரும் கண்ணாடியைத் தொடக் கூடாது. உள்ளே தின்பண்டம் கூடாது. பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

"ஒரு எறும்பு உள்ள வந்தாலும், நாளைலேர்ந்து நீ வீட்லயே இருந்துக்கலாம்மா."

மேலாளர் சவரிராயன் அதைத் தன்மையாகத்தான் சொன்னார்.

மதியம் அவள் பலாச்சுளை தின்றாள்.

வெளியே டிக்கெட் கொடுப்பவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வெட்கம். அறையில் யாரும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அவசரமாக விழுங்கினாள். கொட்டைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

திரும்பியபோது ஈயைப் பார்த்தாள்.

நத்தை இருந்த ஏட்டில். ஓரத்தில். பழத்தின் மேல்.

கண்ணாடிக்கு உள்ளே.



ஊதினாள். கண்ணாடியில் மூச்சுதான் படிந்தது. துப்பட்டா முனையால் துடைத்தாள். சட்டத்தை நகத்தால் தட்டினாள்.

ஈ அசையவில்லை. சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்காது போல.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவள் போய் அந்த ஏட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். பலாப்பழ வாசனை வருகிறதே என்றார் ஒருவர். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

மாலையில் ஒரு வெள்ளை அங்கி நுழைந்தது.

சிஸ்டர் ஜெர்த்ரூத். முதுகு சற்று வளைந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. நீ நின்னா நான் எங்க பாக்கறது?"

சிஸ்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

அவள் தள்ளி நின்றாள். வேலை போயிற்று. வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

சிஸ்டர் லத்தீனை முணுமுணுத்துப் படித்தார். தெரிந்த ஜெபம் போல. கடைசி வரி முடிந்தது.

கண் ஏட்டின் ஓரத்துக்குப் போனது.

கை உயர்ந்தது. ச்சூ என்று விரட்டினார்.

ஈ அப்படியே இருந்தது.

மறுபடியும் விரட்டினார்.

பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அவளும் பக்கத்தில் குனிந்தாள்.

ஈயின் கால்களுக்குக் கீழே சின்னதாக ஒரு நிழல். சாம்பல் வண்ணத்தில் தீட்டிய நிழல். இறக்கையில் மயிரிழைக் கோடுகள். எந்தத் தூரிகையோ.

ஐந்நூறு வருடமாக அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அடக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு சிஸ்டர் திரும்பினார். அவள் முகத்தையே பார்த்தார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

எதையோ கேட்க வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

முதல் சட்டத்துக்குத் திரும்பிப் போனார். அங்கிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

இப்போது உதடுகள் அசையவில்லை. ஓரங்களை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு பூவாக. ஒவ்வொரு நத்தையாக.

கூடம் மூடும் மணி அடித்தது.

வாசலில் அவள் கன்னத்தை ஒரு விரலால் தட்டிவிட்டு, சிஸ்டர் படியிறங்கிப் போனார்.

தெருமுனை வரை அவர் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தன.