ஒன்பதாவது கேள்வி

“அந்த ஜன்னலை முதல்ல மூடுங்க சிஸ்டர்! ஏதோ பறக்குது.”

சாய்வு நாற்காலியில் இருந்தவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பறந்தது ஒரு சாதாரண ஈ. நர்ஸ் அதைக் காகிதத்தால் விரட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

கையுறை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று திரும்பினாள். பதினைந்து வருஷம் ஆகியும் அந்தக் குரலில் அதே அதிகாரம்.

முகம்தான் அடையாளமே தெரியவில்லை. கன்னங்கள் காற்றடைத்த மாதிரி உப்பி, கண்களைப் பாதி மூடியிருந்தன. மேலுதடு மூக்கை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

“நான் டிவியில செய்தி வாசிக்கிறேன் டாக்டர். வேற ஒரு இடத்துல, கன்னத்தை உப்ப வைக்கிற ஃபில்லர் ஊசி போட்டேன். அளவு தெரியாம குத்தித் தள்ளிட்டான் பாவி. நாளைக்குச் சாயந்திரம் முக்கியச் செய்திக்கு ஆள் எடுக்கிறாங்க. அதுக்குத்தான் நாலு வருஷமா காத்திருக்கேன். ‘செய்திக்கு முன்னாடி உன் கன்னம் வந்து நிக்குது. கரைச்சுட்டு வா, இல்லன்னா வராதே’ன்னுட்டாரு எடிட்டர்.”

“கரைக்கிற ஊசி இருக்கு. நாளைக்குள்ள பெரும்பாலும் இறங்கிடும்” என்றாள் டாக்டர். முகக்கவசமும் தொப்பியும் போக அவளுடைய கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

“அப்பாடா! உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். ரெண்டு கிளினிக்குல நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“என்ன நொட்டை?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? நீங்க போடுங்க.”

டாக்டர் படிவத்தை எடுத்தாள். பத்துக் கேள்விக்கும் சேர்த்து ‘இல்லை’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருந்தது. ஒன்பதாவது கேள்வியில் டாக்டரின் விரல் நின்றது.

“தேனீ, குளவி கொட்டி உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்கா?”

“இல்ல.”

“சின்ன வயசுல?”

“இல்லைங்கிறேன்ல!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேனே. இது என்ன போலீஸ் ஸ்டேஷனா?”

“சரி. இனி என்ன ஆனாலும் என்னை யாரும் கேட்க முடியாது.” டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றினாள். “சிஸ்டர், நீங்க வெளியே இருங்க. கதவைச் சாத்திடுங்க.”

நர்ஸ் தயங்கினாள். ஊசி போடும்போது அவள் பக்கத்தில் நிற்பதுதான் அங்கே வழக்கம். டாக்டர் ஒரு பார்வை பார்த்ததும் போய்விட்டாள்.

“எதுக்கு ஃபில்லர் இவ்வளவு போட்டுக்கிட்டீங்க?” என்றாள் டாக்டர்.

“பயம்தான். எங்க ஸ்கூல்ல ஒருத்தி இருந்தா. மூட்டை தூக்குறவன் பொண்ணு. கன்னம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எலும்புக்கூடுன்னுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் அவ போட்டோவைப் பலகையில ஒட்டி, ‘இவளுக்குச் சோறு போடுங்க’ன்னு எழுதி, கீழே ஒரு டப்பா வெச்சேன். எல்லாரும் தின்னு மிச்சம் வெச்ச ரொட்டியைக் கொண்டாந்து போட்டாங்க!” சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. “போன வருஷம் டயட்ல எனக்குக் கன்னம் ஒட்டிப் போச்சு. கண்ணாடியில பார்த்தா அவளே நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஓடிப்போய்க் குத்திக்கிட்டேன்.”

அந்த டப்பாவிலிருந்து ஒரு நாள், பசி தாங்காமல், யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை எடுத்துத் தின்றதை டாக்டர் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை.

“கண்ணை மூடுங்க” என்றாள்.

அவள் மூடிக்கொண்டாள். ஊசிமுனை கன்னத்துக்கு அரை அங்குலத்தில் வந்து நின்றது.

நாற்காலியில் இருந்தவள் எண்ண ஆரம்பித்தாள். பத்து வந்தது, இருபதும் வந்தது, குத்து மட்டும் விழவில்லை. கண்ணைத் திறந்தாள்.

டாக்டர் மருந்து மொத்தத்தையும் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். முகக்கவசம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கன்னங்கள் இன்னும் ஒட்டித்தான் இருந்தன.

“எட்டாவது படிக்கிறப்ப உன்னைத் தேனீ கொட்டிச்சு. தொண்டை அடைச்சு, உதடெல்லாம் நீலமாயி விழுந்தே. உன் கூட்டாளிங்க எல்லாம் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் உன்னை முதுகுல சுமந்துக்கிட்டு ஓடினது நான். மூச்சு திரும்பினதும் நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘உன் எலும்பு குத்துச்சுடி.’”

“எலும்பு... ஏய், நீயா?”

“தேனீ விஷத்துல இருக்கிற சரக்குதான் இந்த மருந்துலயும் இருக்கு. போட்டிருந்தா இந்த நாற்காலியை விட்டு நீ எந்திரிக்காமலே போயிருப்பே. அதைச் சொல்லித்தானே அந்த ரெண்டு இடத்துலயும் திருப்பி அனுப்பினாங்க? இங்க வந்து பொய்க் கோடு இழுத்துட்டே.”

டாக்டர் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ‘ஆம்’ என்று எழுதினாள். கீழே, ‘இந்த ஊசி எப்போதும் போடக் கூடாது’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

“கொஞ்சூண்டு போடுடி. உன் கால்ல விழறேன். தானா கரைய ஒரு வருஷம் ஆகுமாம்டி! நாளைக்கு நான் என்னடி பண்ணுவேன்?”

டாக்டர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு விடு. இந்த மூஞ்சிக்கு அது போதும்.”