அளவான குரல்

"எங்கே, ஒரு 'ஆ' சொல்லு பார்க்கலாம்" என்றார் கிளைவ்.

டெஸ்மண்ட் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"போச்சு போ! தொண்டையை எங்கப்பா தொலைச்சுட்டு வந்தே?"

"காலையில எழுந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்று கிசுகிசுத்தான் டெஸ்மண்ட். "ரோவீனா தேன் கொடுத்தா, இஞ்சி கொடுத்தா, ஆவி பிடிக்க வச்சா. ஒண்ணுக்கும் மசியல."

வெளியே பேராலயம் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு மத்தியானத்திலிருந்தே மக்கள் குளிரில் வரிசையில் நின்றிருந்தார்கள். உள்ளறையில் பாடகர்கள் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைவும் டெஸ்மண்டும் பேஸ் என்கிற கனத்த கீழ்க்குரல் பாடுகிறவர்கள். பக்கத்துப் பக்கத்து இடம். கிளைவ் குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவர். டெஸ்மண்ட் வந்து ஒரு வருஷம்தான், அதுவும் தற்காலிகமாக.

"தார்ன்பரிகிட்ட சொல்லிடேன். உடம்பு சரியில்லாம போறது குத்தமா?"

"இன்னிக்கா? வேலை நிரந்தரமா இல்லையான்னு ஆராதனை முடிஞ்சதும் சொல்றேன்னிருக்கார். ஏற்கெனவே என்னைக் கண்டாலே அவருக்கு ஆகல. வேலை போனா வீடும் போச்சு, கிளைவ். பிப்ரவரியில குழந்தை வேற."

உண்மைதான். பேராலய மதிலுக்குள் இருந்த அந்தச் சின்ன வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். குழுத் தலைவர் தார்ன்பரியோ வருஷம் முழுக்க ஒத்திகையில் இவன் பக்கம் திரும்பும்போதெல்லாம் பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். என்ன குறை என்று மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மனதில் இருப்பதை நேரே சொல்லும் வழக்கம் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கிடையாது. உழைப்பு போதவில்லை போலிருக்கிறது என்று டெஸ்மண்டும் நாளுக்கு நாள் கூடுதலாக உயிரைக் கொடுத்துப் பாடிவந்தான்.

"சரி, வாயை மட்டும் அசை. மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார் கிளைவ். "ஆர்கன் போடற சத்தத்துல இடி விழுந்தாலும் கேட்காது."

"நாலாவது பாட்டுக்கு ஆர்கன் கிடையாதே!"

கிளைவ் அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

முதல் மூன்று கீதங்களிலும் தப்பித்தாயிற்று. ஆர்கன் முழங்க, கல்தூண்கள் அதிர்ந்தன. டெஸ்மண்ட் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். தூணோரம் அவன் மனைவி ரோவீனா வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பவே அவனுக்குப் பயமாக இருந்தது.

நாலாவது கீதத்துக்கு ஆர்கன் நின்றது. மனிதக் குரல்கள் மட்டும் கூரையை நோக்கி எழுந்தன.

தார்ன்பரியின் பார்வை முன்வரிசையில் பாடிய குழந்தைகளைத் தாண்டி பேஸ் வரிசைக்கு வந்தது. இவன் வாய்மேல் வந்து நின்றது. இன்றைக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. புருவம் மெல்ல உயர்ந்தது. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்டுபிடித்துவிட்டார்! அதன்பின் டெஸ்மண்டின் வாய்தான் பாட்டுக்கு அசைந்தது. மனது வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து பாடகர்கள் உள்ளறைக்குத் திரும்பினார்கள். மக்கள் கலையும்வரை வாசிக்க வேண்டும் என்பதால் ஆர்கன் இன்னும் முழு மூச்சில் முழங்கிக்கொண்டிருந்தது. தார்ன்பரி விறுவிறுவென்று டெஸ்மண்டிடம் வந்தார். அவர் கேட்பதற்குள் நாமே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அவன் வாயெடுத்தான்.

அவர் முந்திக்கொண்டு அவன் காதருகே இரைந்தார். "டெஸ்மண்ட்! வருஷம் பூரா இதுக்காகத்தான் காத்திருந்தேன். உங்க குரல் தனியா எழும்பி மத்த எல்லாரையும் அமுக்கிட்டிருந்துச்சு. நானும் ஜாடையா காட்டிப் பார்த்தேன். இன்னிக்குத்தான் கலந்து பாடினீங்க. நீங்க இருக்கறதே தெரியல, அற்புதம்! வேலையும் உங்களுக்குத்தான், வீடும் உங்களுக்குத்தான்."

டெஸ்மண்டுக்கு மனசாட்சி உறுத்தியது.

"சார், நான் இன்னிக்குப் பாடவே இல்ல" என்றான். காற்றுதான் வந்தது. அதையும் ஆர்கன் விழுங்கிவிட்டது.

தார்ன்பரி பூரித்துப்போய் அவன் தோளைத் தட்டினார். "பார்த்தீங்களா, நன்றி சொல்றதைக்கூட எவ்வளவு அளவா சொல்றீங்க! நாளைக்கும் இதே மாதிரி பாடிடுங்க."