பஞ்சுப் பிள்ளை

பிள்ளையின் வலது கை, வடிவம்மாளின் கையோடு கழன்று வந்துவிட்டது.

"ஐயோ டீச்சர், கை பிஞ்சிட்டு!"

"பிஞ்சா ஊசிநூலு எடுத்துத் தைளா. அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுத?" என்றார் கிருபை டீச்சர்.

தைத்துவிடலாம்தான். ஆலையில் கழித்துப் போட்ட பஞ்சைப் பழஞ்சீலைக்குள் திணித்துச் செய்த பிள்ளை அது. தூத்துக்குடிப் பஞ்சாலை ஒன்றில், வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளுக்காகத் தொட்டில் கொட்டகை திறக்கப் போகிறார்கள். உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், எதற்கெடுத்தாலும் பயிற்சி என்று பேச்சுக் கிளம்பியிருந்த நேரம். ஆயா வேலைக்கும் பயிற்சி வந்தது. அதைக் கொடுக்க நாசரேத்திலிருந்து கிருபை டீச்சர் வந்தார்.

ஆளுக்கொரு பிள்ளையைத் தைத்து, வீட்டிலிருந்து தூக்கி வர வேண்டும். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "பிள்ளைன்னுதான் சொல்லணும். அப்பதான் கைக்குப் பயம் வரும்" என்பார் டீச்சர்.

ஆலை தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தது. கைக்குழந்தைக்காரிக்கு ஆயா வேலை கிடையாது. சொந்தப் பிள்ளை அழுதால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பதாம்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழி, ஆலைச் சங்கு ஊதுகிற சத்தத்தில் அவர்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது.

ஆள் எடுத்த அன்று டைம்கீப்பர் தாணுலிங்கம் ஒவ்வொருத்தியிடமும் இதைக் கேட்டார். "ஏளா சந்தனமாரி, கைப்பிள்ளை உண்டுமா?"

"வீட்டுக்காரவுக கொழும்புலல்லா இருக்காவ, அண்ணாச்சி."

அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் சந்தனமாரிக்கு மறுபடியும் ஆறுமுகநேரி உப்பளம்தான். உப்பு அரித்த பாதப் புண் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று பரீட்சை. பாளையங்கோட்டை டாக்டரம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் சந்தனமாரி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். தலையோடு துணி சுற்றிய பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

"பரீட்சை அன்னைக்கா பிந்தி வருவ?"

"பக்கத்து வீட்டு மதினி சொல்லாம கொள்ளாம திருச்செந்தூருக்குப் போயிட்டாவ, டீச்சர்."

"அவ போனா ஒனக்கென்னளா?"

சந்தனமாரி செண்பகத்தின் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டாள். செண்பகம் அவளுக்கு ஒரே தெருக்காரி.

மேசைமேல் ஒரு வெறும் தொட்டி. அதில் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளையைக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டு, கண்ணுக்கு மை தீட்டி, துணி கட்டித் தொட்டிலில் விட வேண்டும். மேசைக்கு எதிரே டாக்டரம்மா. பெண்களெல்லாம் பின்னால் பாயில். பொம்பளைகள் வகுப்புக்குள் ஆம்பிளை வரக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால், தாணுலிங்கம் வாசலில் தெருவைப் பார்த்து நின்றார்.

வடிவம்மாள் பயத்தில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, பிடரிக்குக் கண்மை தீட்டினாள். செண்பகம் இடுப்பில் கட்ட வேண்டிய துணியைத் தலையில் கட்டிவிட்டாள். அந்தப் பிள்ளை துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் புறப்பட்டதைப் போல இருந்தது. பாயே குலுங்கிச் சிரித்தது. டீச்சர் கண்களை இறுக மூடி ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டார். டாக்டரம்மா நிமிரவேயில்லை, குனிந்தபடி மார்க்கைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது, சந்தனமாரி!" என்றார் தலை நிமிராமலே.

அவள் பாய்க்கு முதுகைக் காட்டி நின்றாள். வெறும் தொட்டிக்குள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளையின் கழுத்துக்குக் கீழே கொடுத்த இடது கையை அவள் எடுக்கவேயில்லை.

"கண்ண மூடிக்கோ, எந் தங்கம். இந்தா, முடிஞ்சிட்டு."

"பழஞ்சீலைக்குத் தங்கமாம்லா!" என்றாள் வடிவம்மாள். மறுபடியும் ஒரே சிரிப்பு. செண்பகம் மட்டும் சிரிக்காமல் நகத்தைக் கடித்தாள்.

சந்தனமாரி பவுடரைத் தூவினாள். சின்னதாக ஒரு தும்மல் கேட்டது.

"நாந்தான்! எனக்கு நீர்க்கோவை!" என்று செண்பகம் பின்னாலிருந்து கத்தினாள். சொன்னது போதாதென்று கூரை அதிர இன்னும் இரண்டு தும்மலும் போட்டாள்.

டாக்டரம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சந்தனமாரி மை தீட்டி, துணியைக் கட்டி, பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள். டாக்டரம்மா எழுந்து வந்து தொட்டிலுக்குள் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சந்தனமாரி தொட்டில் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"டைம்கீப்பர்!"

"சொல்லுங்க, டாக்டரம்மா" என்றார் தாணுலிங்கம் வாசலிலிருந்தே.

"இவளுக்கு வேலையைப் போட்டுருங்க. நாளைக்கே வரட்டும்."

"பிள்ளையை ஒழுங்காச் செஞ்சிருக்காளா?"

"நான் பாத்ததுலயே இதுதான் நல்லாச் செஞ்ச பிள்ளை."

தாணுலிங்கம் திருப்தியாக ஆபீசைப் பார்த்து நடந்தார். டீச்சர் கண்ணைத் திறந்து "ஸ்தோத்திரம்!" என்றார். பாயில் ஒரே கைதட்டல். செண்பகம் எழுந்து குதித்தே விட்டாள். சந்தனமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தக் கூச்சலுக்கு நடுவே டாக்டரம்மா அவள் காதருகே குனிந்தார்.

"பொம்மை கை சூப்புது. பின்பக்கமாப் போய்ப் பால் கொடும்மா."