முந்திரித் தீவு

முதல் படகு முந்திரித் தீவை நெருங்கியபோது அவளுக்கு மூச்சே வரவில்லை.

ஏரியும் தீவுகளும் கணினித் திரைக்குள்தான், எங்கோ இருக்கிற நிஜ ஏரி ஒன்றைப் பார்த்து வரைந்தவை. ஆனால் போட்டியாளர்கள் நிஜமானவர்கள். நாடு நாடாக, அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஆயிரக்கணக்கான பேர் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தீவுக்கு இடப்பக்கம் போக வேண்டும், எதற்கு வலப்பக்கம் என்று அவர்களுக்குப் பாதை போட்டது அவள்.

அவள் போட்ட முதல் பாதை அது. அதுவரை அந்த விளையாட்டுக் கம்பெனியில் அவளுக்கு மரம் வைக்கிற வேலைதான். யாரோ வரைந்த கரையில், யாரோ சொன்ன இடத்தில் மரம் மரமாக வைத்து வைத்து, ஆபீஸில் அவள் பெயரே மரக்காரி என்று ஆகிவிட்டிருந்தது.

முந்திரித் தீவில்தான் வில்லங்கம். முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்த குட்டித் தீவு. அதன் மூக்கை ஒட்டிப் படகுகள் சட்டென்று திரும்ப வேண்டும். திருப்பம் ரொம்பக் குறுகல், எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், அதை விட்டுவிட்டு வேறு வழி பார் என்றார் மேலாளர். அந்தத் தீவு இல்லாவிட்டால் அது பந்தயமே இல்லை என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"சரிம்மா. முட்டிக்கிச்சுன்னா நீ மறுபடி மரம் வைக்கப் போயிடணும்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

முன்னால் வந்தது ஒரு பல் டாக்டரின் படகு. நிஜமான அந்த ஏரியின் கரையிலேயே குடியிருப்பவர். லீவு விட்டால் போதும், நிஜப் படகை எடுத்துக்கொண்டு அதே ஏரியில் இறங்கிவிடுவாராம். அவர்தான் ஜெயிப்பார் என்று அரட்டைப் பெட்டியில் ஒரே பேச்சு. கடைசியில் இருந்தது அவள் வீட்டுக்காரரின் படகு. பாய்க்கு முன் எது, பின் எது என்று தெரியாத மனுஷன். பெண்டாட்டி போட்ட பாதையாயிற்றே என்று சேர்ந்துவிட்டு, இன்னும் தொடக்கக் கோட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

டாக்டரின் படகு நேராக வந்தது. வேகம் குறையவில்லை, திரும்பவும் இல்லை. எதிரே ஒன்றுமே இல்லாத மாதிரி வந்து, தீவின் வயிற்றில் ஏறி நின்றது.

அரட்டைப் பெட்டியில் சிரிப்பு அள்ளியது. பின்னால் கூட்டம் கூட்டமாகப் படகுகள் வந்துகொண்டிருந்தன.

இரண்டாவது படகு தீவின் மறைவுக்கு வந்ததும் அதன் பாய் துவண்டது. அவள் வைத்த உயரமான மரங்கள் காற்றை மறித்தன. படகு கொஞ்சம் தயங்கியது. மூக்கைத் திருப்பியது. மறுபுறம் காற்று கிடைத்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்து பறந்தது.

அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஏழெட்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

அத்தனை வெள்ளைப் பாய்களும் ஒரே இடத்தில் துவண்டு, ஒரே இடத்தில் நிமிர்ந்து, தீவைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றுகூட முட்டவில்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முகம் தெரியாத இத்தனை பேர், தான் கைகாட்டிய இடத்தில் இப்படித் திரும்புகிறார்களே என்று கண் நிறைந்தது.

"பரவாயில்லையே மரக்காரி," என்றார் பின்னால் வந்து நின்ற மேலாளர்.

அந்த நேரம் பார்த்து டாக்டரிடமிருந்து அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. கோபம் இல்லை, குழம்பிப்போய் எழுதியிருந்தார். 'நான் இந்த ஏரியிலேயே கிடக்கிறவன், பழக்கத்தில் நேராக விட்டுவிட்டேன். அந்த இடத்தில் தீவே கிடையாதே?'

அவள் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்துத்தான் ஏரியை வரைவார்கள். வரைவதற்கு முன்னால் படத்தைக் கழுவுவது என்று ஒரு வேலை உண்டு. மேகம் கீகம் குறுக்கே இருந்தால் துடைத்துவிட வேண்டும். பிறகு தண்ணீருக்கு நடுவே கறுப்பாகத் தெரிவதெல்லாம் தீவு. இந்த ஏரிக்கு அந்த வேலையும் அவளுடையதுதான். அவள் கழுவிய படத்தில் முந்திரித் தீவு அம்சமாக உட்கார்ந்திருந்தது.

கழுவாத படத்தைத் திறந்தாள்.

அதே கறுப்பு முந்திரி. அதற்கு ஒரு விரல் தள்ளி, அதே அளவில், அதே வளைவோடு, வெள்ளையாக இன்னொரு முந்திரி.

மேகம். அதை அவளே துடைத்திருந்தாள். தண்ணீரில் விழுந்த அதன் நிழலை மட்டும் விட்டுவிட்டாள். அந்த நிழலின் மேல்தான் அத்தனை மரங்களையும் வைத்திருந்தாள்.

மறைக்க மனம் வரவில்லை. திரையை மேலாளர் பக்கம் திருப்பினாள். "சார், அது தீவு இல்ல. மேகத்தோட நிழல்."

அவர் படத்தைப் பார்த்தார். பந்தயத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ள அவள் தயாராக நின்றாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த மேகம் எங்க போய் மழையாக் கொட்டித் தீந்துச்சோ," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்கு இத்தன பேரு வழி விட்டுட்டுப் போறாங்க, பாரேன். அடுத்த ஏரிக்குப் படத்த நல்லாக் கழுவும்மா."

திரையில், தரைதட்டி நின்ற டாக்டரின் படகு மெல்லப் பின்வாங்கி மறுபடி கிளம்பியது. அங்கே வெறும் தண்ணீர்தான் என்று அத்தனை போட்டியாளர்களிலும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாரையும் விட அதிகமாக இடம் விட்டு அவர் அந்தத் தீவைச் சுற்றிப் போனார்.