புது அட்டை

"புயல், நிலநடுக்கம்னு எத்தனையோ புத்தகம் வந்திருக்கு. ஒண்ணையாவது மாத்திப் படிங்களேன், அக்கா!" என்று நூலகர் எவ்வளவு பரிந்துரைத்தும் சலவைக்கடை அக்கா பிடிகொடுக்கவில்லை.

"அந்த வெள்ளப் புத்தகமே போதும், தம்பி."

அவர் கைபட்டே நைந்துபோன அப்புத்தகத்தை, இம்முறை பைண்டு செய்து வைத்திருந்தார் நூலகர்.

"இப்ப அச்சுலயே இல்லாத புத்தகம். கல்லு மாதிரி ஆக்கிட்டேன், பாருங்க!"

அக்கா அந்தக் கறுப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய அட்டை எங்க, தம்பி?"

"கந்தலாக் கெடந்துச்சே! பைண்டர் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டார். உள்ளே ஒரு எழுத்துகூடக் குறையலக்கா."

"எழுத்தை வச்சு நான் என்ன பண்ண? எனக்குப் படிக்கவே தெரியாது. அட்டையில கூரை மேல நின்னு கையாட்டினானே, அவன் என் மகன். வீட்டுல இருந்த படமெல்லாம் அவனோடயே வெள்ளத்துல போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிஞ்சியிருந்துச்சு."